கொன்டெய்னருக்கு இரண்டு திறப்பு

எங்கள் குடும்பத்தில் "எங்க போறாய்?" என்று கேட்டால் யாரும் உண்மையான பதில் சொல்வதில்லை. சொன்னால் போகிற காரியம் விளங்காதாம். அம்மா மீன் வாங்கப் போவதைக்கூட "சும்மா உதில போட்டு வாறன்" என்றுதான் சொல்வார். பெரியப்பாவின் மகன் கனடா போனது, அவன் அங்கே இறங்கி, குளிரில் மூக்குச் சிவந்து, படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரியும். (முதல்நாள் எங்கள் வீட்டில் இருந்து புட்டுச் சாப்பிட்டவன்! "நாளைக்கு என்ன செய்யிறாய்?" என்று கேட்டதற்கு, "தலைமயிர் வெட்டோணும்" என்றான்.)

அதோடு இன்னொரு பழக்கமும் உண்டு. யாராவது எதையாவது கேட்டால், பதிலுக்கு முதல் எங்கள் வாயில் வருவது "ஏன் கேக்கிறியள்?" என்பதுதான். இந்த இரண்டு பழக்கமும் விசாவுக்குச் சரி. சோதனை மறுமொழிக்கு, அதாவது பரீட்சை முடிவுக்கு, சரி. கலியாணப் பேச்சுக்கு மிக மிகச் சரி. கட்டடம் கட்டுவதற்கு மட்டும் சரிவராது என்பதை நிரூபித்த பெருமை என்னைச் சேரும்.

நான் எஞ்சினியரிங் முடித்து ஒரு கட்டட முதலாளியிடம் சேர்ந்திருந்த புதுசு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு தொடர்மாடி கட்டத் தொடங்கினார்கள். முதலாளி ஒரே நேரத்தில் பல இடங்களில் கட்டுகிறவர். காதில் போன் இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"பிள்ளை, கட்டடத்தின்ர பிளான் எல்லாம் ரெடி. வேலை நடக்கிற காலத்துக்கு வேண்டிய சாமான் எங்கெங்க வரவேணும் எண்டு நீ ஒரு பிளான் போடு. ஒஃபிஸ், சீமெந்து ஸ்டோர்ஸ், கம்பி வளைக்கிற இடம், வேலையாக்கள் சாப்பிடுற கொட்டில், கக்கூஸ், தண்ணித் தாங்கி. எல்லாம் தற்காலிகம்தான். மண்டையைப் போட்டு உடைக்காத."

நான் மண்டையைப் போட்டு உடைத்தேன். முதல்தரம் என்னை நம்பித் தந்த வேலை அல்லவா! வீட்டில் அம்மா வேறு வேதம் ஓதினார்.

"கட்டட வேலை எண்டால் களவு. சீமெந்து பறக்கும், கம்பி நடக்கும். ஒருத்தரையும் நம்பாத. நீ என்ன பிளான் போடுறாய் எண்டதை முடியுமட்டும் ஒருத்தருக்கும் காட்டாத."

"முதலாளிக்குக் காட்டத்தானே வேணும் அம்மா?"

"காட்டு. ஆனால் ஆறுதலாப் பாக்க விடாத."

இந்த இடத்தில் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் அக்காவைக் கட்டியவர். கொட்டாஞ்சேனையில் இருந்தார். வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதாவது, மற்றவர்களின் கையெழுத்தைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர். அவரிடம் ஒரு பழைய சின்ன மொரிஸ் கார் இருந்தது. பெரியம்மா அதை "மூத்த தாரம்" என்பார். கொட்டாஞ்சேனை வீட்டில் கார் விட இடமில்லை, தெருவோரம்தான் நின்றது. பக்கக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சில்லு மூடிகள் போயின. பந்து பட்டு முன் கண்ணாடி ஒருதரம் உடைந்தது. காகங்கள் தங்கள் பங்கைக் குறைவில்லாமல் செய்தன. மனிதர் இரவில் எழும்பி எழும்பி ஜன்னலால் எட்டிப் பார்ப்பார்.

"சாகிறதுக்கு முன்னம் இந்தக் காரை ஒரு கூரைக்குக் கீழ விட்டிட்டு, விடியுமட்டும் ஒரு நித்திரை கொள்ளோணும் பிள்ளை. வேற ஒரு ஆசையும் எனக்கில்லை," என்பார்.

அந்த ஆசைக்காகத்தான் எங்கள் தொடர்மாடியில் ஒரு வீட்டுக்குப் பதிந்தார். கீழ்த்தளத்தில் ஒரு கார் விட இடமும் அதோடு சேர்த்தி. மேலே இருக்கப் போகும் வீட்டைப் பற்றி அவர் சொன்னது "ம், காணும்" என்ற ஒரு சொல். பார்க்கிங்கைப் பற்றி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நீ அங்க நிக்கிறாய் எண்ட துணிவிலதான் வாங்கிறன். என்ர பார்க்கிங்குக்கு ஒரு குறையும் வரக்கூடாது."

"உங்கட இடம் எது பெரியப்பா?"

சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏன் கேக்கிறாய்?"

"சும்மாதான்."

"அது ஒரு இடம்," என்று சொல்லிப் பேச்சை மாற்றினார். பதிலுக்கு அவர், "நீ என்ன வேலை செய்யிறாய் இப்ப?" என்று கேட்டார். நானும் "அது ஒரு பிளான்" என்றேன். ஒரே குடும்பம் அல்லவா!

இனி என் பிளான். மற்ற எஞ்சினியர்மார் லொறி எப்படி வரும், மணல் எங்கே கொட்டலாம் என்று யோசித்துத் தொடங்குவார்களாம். நான் என் கதிரையிலிருந்து தொடங்கினேன். கதிரையில் இருந்தபடி எல்லாம் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கடதாசியில் கதிரைக்கு ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து நாலாபக்கமும் கோடு இழுத்தேன். சீமெந்து ஸ்டோர்ஸின் கதவு ஒரு கோட்டில். வாசல் கேற் ஒரு கோட்டில். கம்பி வளைக்கிற இடம், சாப்பாட்டுக் கொட்டில், தண்ணித் தாங்கி, எல்லாம் கோட்டில். கக்கூஸ் கதவும் கோட்டில்தான். (உள்ளே போகிறவன் கையில் எதைக் கொண்டு போகிறான், எதைக் கொண்டு வருகிறான் என்று தெரிய வேண்டாமா? பாவங்கள், சில பேர் அடுத்த ஒழுங்கையில் இருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போய் அலுவலை முடித்துவிட்டு வரத் தொடங்கினார்கள்.)

இப்படி எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய, ஆனால் வீதியால் போகிறவர் யாரும் பார்க்க முடியாத ஒரே இடம் காணியின் பின்மூலை. அங்கேதான் என் ஒஃபிஸ். வாடகைக்கு எடுத்த ஒரு இரும்புக் கொன்டெய்னர். கிரேன் லொறி வந்து அதை அந்தரத்தில் தூக்கி, பின்மூலையில் இரண்டு மதிலையும் ஒட்டினாற்போல இறக்கியது. அதன் பெரிய இரட்டைக் கதவை முன்பக்கமாக விரியத் திறந்து, வாசலில் மேசையைப் போட்டு, இருந்து பார்த்தேன். எல்லாம் தெரிந்தது. இவ்வளவு சந்தோஷம் எனக்குப் பட்டமளிப்பு விழாவில்கூட வரவில்லை.

முதலாளிக்குப் பிளானைக் காட்டினேன், அம்மா சொன்னபடி, ஒரு நிமிஷம். போனைப் பொத்தாமலே "சரி சரி" என்றார். பிறகு அதை மடித்து கொன்டெய்னருக்குள் வைத்துப் பூட்டினேன். கட்டடத்தின் பிளான் வெளியே மேசன்மாரின் கொட்டிலில் தொங்கியது. இரண்டு பிளானையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கதை இந்தப் பந்தியோடு முடிந்திருக்கும்.

எங்கள் மேசன்மாருக்குத் தலைவர் சில்வெஸ்டர் பாஸ். கொட்டாஞ்சேனைக்காரர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். வந்த அன்றே கொன்டெய்னரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எனக்கு அந்த நடையே பிடிக்கவில்லை.

"மிஸ், இது இங்கயேதானா இருக்கப் போவுது?"

"ஏன் கேக்கிறீங்கள்?"

"இல்ல மிஸ், சும்மாதான் கேட்டேன்."

சும்மா! சும்மா என்ற சொல்லை எனக்கா சொல்லித் தருகிறார்? அந்தச் சொல்லிலேயே வளர்ந்தவள் நான். கேற் பக்கம் கொன்டெய்னரை மாற்றினால் சீமெந்து ஸ்டோர்ஸ் என் கண்ணுக்கு மறையும்; அதற்குத்தான் அடிபோடுகிறார் என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து அவர் பின்னேரம் தோளில் கொண்டுபோகும் பையில் என் கண் இருந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "பையில என்ன பாஸ்?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் பையை என் மேசையில் கவிழ்த்தார். ஒரு சாரம், சாப்பாட்டுப் பெட்டி, சவர்க்காரம், கோயிலில் கொளுத்த வாங்கிய மெழுகுதிரி. மெழுகுதிரியைக் கையில் எடுத்து, "பாருங்க மிஸ், உள்ளுக்குக் கம்பி கிம்பி இருக்கான்னு," என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் கொன்டெய்னரைப் பற்றி வாயே திறக்கவில்லை. பயந்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

முதலாளியும் ஒருதரம் கேட்டார். "பிள்ளை, உந்தக் கொன்டெய்னரை எப்ப எடுக்கிறாய்?"

"அதெல்லாம் யோசிச்சு வைச்சிருக்கிறன் சேர்."

இது எங்கள் வீட்டில் எல்லாக் கேள்விக்கும் சொல்லும் பதில். யோசிக்காத விஷயத்துக்குத்தான் பெரும்பாலும் பாவிப்போம். கிரேன் லொறிக்காரர் போன் எடுத்து, "கீழ்த் தூண் எழும்ப முன்னம் எடுக்க வரோணுமா?" என்று கேட்டபோது, 'இவருக்கு ஏன் இந்த அவசரம்? வேறு எங்கோ வாடகைக்கு விடப் பார்க்கிறார்' என்று எண்ணி, "நான் சொல்லாமல் வரவேண்டாம்" என்று வெட்டிப் பேசினேன்.

தூண்கள் எழும்பின. கொன்டெய்னரின் மதில் இல்லாத பக்கத்தில் இரண்டு. பிறகு அதற்கு நேர் முன்னால் லிஃப்டுக்கு கொங்கிரீட் சுவர் எழும்பத் தொடங்கியது. என் கோடுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. முதலில் கேற் மறைந்தது, பிறகு ஸ்டோர்ஸ், பிறகு கக்கூஸ். கடைசியில் என் கதிரையிலிருந்து தெரிந்தது ஒரு சுவர் மட்டும். அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். வேலை செய்தது, ஆனால் வேறு பக்கமாக: 'மற்ற வேலையெல்லாம் ஆமை வேகத்தில் செய்கிறவர்கள், இந்தச் சுவரை மட்டும் ஏன் இவ்வளவு கெதியாகக் கட்டுகிறார்கள்? என் கண்ணை மறைக்கத்தான்!' அதற்கு மருந்தாக, பம்பலப்பிட்டியில் ஒரு பெரிய முகக்கண்ணாடி வாங்கி வந்து எதிர்த் தூணில் கட்டித் தொங்கவிட்டேன். அதில் சாய்ந்து பார்த்தால் ஸ்டோர்ஸ் கொஞ்சம் தெரியும். மேசன்மார் போகும்போதும் வரும்போதும் அதில் தலை சீவினார்கள்.

பிறகு முதலாம் மாடியின் கொங்கிரீட் தட்டுப் போட்டார்கள். எல்லோருக்கும் பிரியாணிப் பார்சல். நான் என் கொன்டெய்னருக்குள் இருந்து, தலைக்கு மேல் கொங்கிரீட் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கோழிக்கால் கடித்தேன். வெயில் படாது, மழை படாது, என்ன குளிர்ச்சி என்று மெச்சிக்கொண்டேன். அறுவான், அப்போதாவது ஒருத்தன் சொல்லியிருக்கலாம்!

தட்டு இறுகி, முட்டுக் கொடுத்திருந்த பலகைகளும் தடிகளும் கழற்றிய கிழமை பெரியப்பா வந்தார். காரோடு. காரைக் கழுவி, பூசி, முன்னுக்கு ஒரு மல்லிகை மாலையும் போட்டிருந்தார். பின்சீட்டில் பெரியம்மாவும் அம்மாவும்.

"ஒருக்கா விட்டுப் பாப்பம் எண்டு வந்தனான். நல்ல நாள்," என்றார்.

சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார்கள். நசுங்கியது. பெரியப்பா கேற்றால் மெல்ல மெல்ல வந்தார். முதலாம் இடத்தைத் தாண்டினார். மற்ற இடங்களையும் தாண்டினார். லிஃப்ட் சுவர் வரைக்கும் வந்து, பின்மூலைப் பக்கம் திருப்பி, பிரேக்கை அடித்தார். காரின் விளக்கு என் மேசையில் விழுந்தது.

"இதென்ன?" என்றார், காருக்குள் இருந்தபடியே.

"என்ர ஒஃபிஸ் பெரியப்பா."

"இது என்ர பார்க்கிங்."

நான் காரின் ஜன்னலடிக்கு ஓடினேன். "நீங்கள்... இந்த மூலையையா எடுத்தனீங்கள்?"

"ஓம். வீதியால போறவன் ஒருத்தனுக்கும் தெரியாத இடம் இது ஒண்டுதானே!"

நான் எந்தக் காரணத்துக்காக அந்த மூலையைப் பிடித்தேனோ அதே காரணம். அவர் எனக்குச் சொல்லவில்லை. நான் அவருக்குச் சொல்லவில்லை.

"சரி, உதை எப்ப எடுக்கிறாய்?"

"அதெல்லாம் யோசிச்சு..." என்று தொடங்கினேன். தொடங்கியபடியே, இத்தனை மாதத்தில் முதல்தரமாக, கொன்டெய்னரைச் சுற்றிப் பார்த்தேன். பின்னுக்கு மதில். ஒரு பக்கம் மதில். மறுபக்கம் இரண்டு தூண். முன்னுக்கு லிஃப்ட் சுவர். கொன்டெய்னருக்கும் சுவருக்கும் நடுவில் கொன்டெய்னரின் நீளத்தில் பாதியைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். மேலே கிரேன் தூக்குவதற்கு வானம் இருந்தது ஒருகாலம். இப்போது கொங்கிரீட் இருந்தது. என் ஒஃபிஸைச் சுற்றி ஒரு தொடர்மாடியைக் கட்டி முடித்திருந்தோம்.

முதலாளிக்குப் போன் போனது. வந்தார். முதல்தரமாகக் காதிலிருந்து போனை எடுத்தார்.

"சில்வெஸ்டர்! உனக்குக் கண் தெரியாதே? ஏன் சொல்லேல்ல?"

"நான் என்னத்தச் சொல்ல சேர்? மிஸ்கிட்ட ஒரு வார்த்த கேட்டதுக்கே என் பையத் தொறக்க வச்சிட்டாங்க. நான் நெனச்சேன், நீங்கதான் மிஸ்ஸுகிட்ட ரகசியமா ஒரு ஸ்டோர்ஸ் வைக்கச் சொல்லியிருக்கீங்கன்னு."

"நானோ? நான் நினைச்சன் இவவின்ர பெரியப்பாதான் தனக்கு ஒரு அறை வேணும் எண்டு பெட்டையிட்டச் சொல்லி வைப்பிச்சிருக்கிறார் எண்டு. எல்லாம் உள்வீட்டு அலுவல், ஏன் வாயைக் குடுப்பான் எண்டு விட்டிட்டன்."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோரும், இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பின்னால் இருந்தது நான் மட்டும்தான்.

சில்வெஸ்டர் பாஸ் தன் மீசைமேல் சத்தியம் பண்ணி, ஜாக் வைத்துத் தூக்கி, கீழே இரும்புக் குழாய்களைப் போட்டு உருட்டி எடுத்துக் காட்டுவதாகச் சொன்னார். எல்லோரும் சேர்ந்து "ஏலேலோ" போட்டுத் தள்ளினார்கள். கொன்டெய்னர் அசைந்தது, ஓடியது, திரும்ப இடமில்லாமல் மூலையால் தூணில் இடித்து ஒரு துண்டு கொங்கிரீட்டைப் பெயர்த்தது. முதலாளி போட்ட கூச்சலில் அதே வேகத்தில் பின்னுக்குத் தள்ளி, இருந்த இடத்திலேயே இருத்தினார்கள். வெட்டி எடுப்போம் என்று ஒருவர் சொன்னார். வாடகைச் சாமானை வெட்ட சொந்தக்காரர் விடமாட்டார், புதுத் தட்டுக்குக் கீழே நெருப்புப் பிடிக்க நான் விடமாட்டேன் என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தற்காலிகமா ஒரு சாமானை வைக்கச் சொன்னால், உலகம் அழியுமட்டும் நிக்கிற மாதிரி வைச்சிருக்கிறாய்."

பெரியப்பா காரை விட்டு இறங்கினார். ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். மாலையோடு நின்ற காரைப் பார்த்தார். "நீ நிக்கிறாய் எண்டுதானே பிள்ளை வாங்கினனான்," என்றார், கோபமே இல்லாமல். முதலாளி ஏசியபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. அந்த மனிதர் கேட்டது ஒரு கூரையும் ஒரு நித்திரையும். அதில் நான் இரும்புப் பெட்டியைக் கொண்டுபோய் இறக்கியிருந்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

வெக்கை தாங்காமல் பெரியப்பா எழும்பி கொன்டெய்னருக்குள் போனார். டொங், டொங் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மனிதர் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது முழு இரும்போ?"

"ஓம் பெரியப்பா."

"ஜன்னல் ஒண்டும் இல்லை, என்ன?"

"இல்லை."

குடையை எடுத்து அகலத்தை அளந்தார். வெளியே போய் அதே குடையால் காரை அளந்தார். திரும்பி வந்து லிஃப்ட் சுவருக்கும் வாசலுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தார். நீளமான கொன்டெய்னர் திரும்ப ஏலாத இடத்தில், சின்ன மொரிஸ் முன்னும் பின்னும் வெட்டித் திருப்பினால் திரும்பும். பெரிய இரட்டைக் கதவை இழுத்துச் சாத்தினார். ஆமைப்பூட்டைக் கையில் எடுத்து அதன் கனத்தைப் பார்த்தார். கண் சின்னதாகியது.

"பிள்ளை, இந்தப் பூட்டுக்கு எத்தனை திறப்பு?"

"இரண்டு பெரியப்பா."

"மற்றது ஆரிட்ட?"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

முதலாளி அந்தக் கொன்டெய்னரைச் சொந்தக்காரரிடமே பேசி வாங்கி, பெரியப்பாவின் பார்க்கிங்கோடு சேர்த்து விட்டுவிட்டார். சில்வெஸ்டர் பாஸ் வாசலில் சீமெந்தால் ஒரு சின்னச் சரிவு கட்டிக் கொடுத்தார். இன்றைக்கும் கார் அதற்குள்தான் நிற்கிறது. உள்ளே கார்க் கதவை முழுசாகத் திறக்க இடமில்லை. பெரியப்பா வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துத்தான் வெளியே வருவார். அதற்காகவே இரவில் சோற்றை விட்டுவிட்டார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று டொக்டருக்கும் சந்தோஷம். விடியுமட்டும் குறட்டை என்று பெரியம்மா முறைப்பாடு வைக்கிறார்.

கதை இத்தோடு நல்லபடியாக முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இது தற்செயலாக நடந்தது என்பதை இதுவரை ஒரு சீவன் நம்பவில்லை. மாடியில் இருக்கும் மற்றவர்கள், "அவருக்கு மட்டும் பூட்டுற கராஜ் எப்பிடி?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறார்கள். முதலாளி, "பெரியப்பாவும் பெறாமகளும் சேர்ந்து என்னை நல்லாப் பேக்காட்டிப் போட்டியள்" என்று சொல்லிக்கொண்டே என் வேலையை நிரந்தரமாக்கினார். (இப்படி யோசிக்கிற ஆளை வெளியே விட்டால் தனக்குத்தான் ஆபத்தாம்.) எங்கள் வீட்டுச் சின்னதுகளிடம் "எங்க போறாய்?" என்று கேட்டால், "கொன்டெய்னர் எடுக்க" என்கின்றன. அம்மா மட்டும் இன்னும் ஆள் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்பார்.

"எனக்காவது உண்மையைச் சொல்லு. நீயும் பெரியப்பாவும் முன்னமே கதைச்சு வைச்சதுதானே?"

"இல்லை அம்மா. என்ர மொக்குத்தனம்."

"ஓமோம். வெளியில அப்பிடியே சொல்லு," என்பார், பெருமை தாங்காமல்.

பெரியப்பா இன்றுவரை, கலியாண வீடோ செத்த வீடோ, என்னைக் கண்டால் முதலில் கேட்பது அந்தப் பழைய கேள்விதான்: "மற்றத் திறப்பு ஆரிட்ட?" துலைஞ்சு போச்சு என்று சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை. உண்மையில் அது எங்கே இருக்கிறது என்று நீங்களும் இப்போது யோசிப்பீர்கள்.

ஏன் கேக்கிறியள்?